லெனாட்டின் படகு தொழிலில் உள்ளது

குருநகர்
12.09.2025

அன்பின் ஸ்ரெல்லாப் பிள்ளைக்கு,

போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய். அதனால் பருத்தித்துறைக்குத் தபாலில் வருகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இணையத்தில் உன்னோடு மல்லுக்கட்டுகிற அந்த ‘விழிப்புள்ள குடிமகன்’ நான்தான்.

அரசாங்கம் படகுப் பதிவேட்டை எல்லாரும் பார்க்க இணையத்தில் போட்டு, ‘பிழை இருந்தால் பொதுமக்கள் அறியத்தாருங்கள்’ என்று கேட்டது. நீ என் தம்பியின் படகுக்கு நேரே, ‘என் கணவர் லெனாட்டும் படகும் கடலோடு போய் ஆறு வருடம்’ என்று எழுதினாய். மறுநாளே நான், ‘தவறான தகவல். படகு தொழிலில் உள்ளது’ என்று எழுதினேன். நாலு தரம் நீ, நாலு தரம் நான். ஐம்பத்தாறு வயதில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி!

அவன் பெயருக்கு நேரே ‘தொழிலில் உள்ளது’ என்று பச்சை எழுத்தில் கிடக்கிறது, பிள்ளை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காலைத் தேத்தண்ணி இறங்குகிறது.

கோபிக்காதே. மகள் ஜெசிதாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மரியரட்ணம் அத்தான்


பருத்தித்துறை
20.09.2025

அத்தானுக்கு,

உங்கள் பகிடிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்டுப் போனேன். பதிவுக் கந்தோரில் உதயகலா என்ற பிள்ளை கணினியைத் திருப்பிக் காட்டினாள். “அக்கா, படகு தொழிலிலை இருக்குதெண்டு ‘விழிப்புள்ள குடிமகன்’ எண்டு ஒராள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். பிறகு நான் மனிசன் செத்ததெண்டு எப்பிடி எழுதிறது?”

தை மாதம் ஜெசிதாவுக்குக் கலியாணம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கும்போது தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரவேண்டும். பங்குச் சுவாமி பத்திரம் கேட்கிறார். மாப்பிள்ளையின் தாய் முகத்துக்கு நேரே கேட்டா: “உங்கடை மனிசன் இந்தியாக் கரையிலை வேறை குடும்பத்தோடை இருக்கிறாராமே?”

அந்தக் கதையைக் குருநகரில் அவிழ்த்துவிட்டதும் நீங்கள்தான். உங்களுக்கு அவர் எங்கேயாவது இருக்கவேண்டும். எனக்கும் பிள்ளைக்கும் அழுவதற்கு ஒரு திகதி வேண்டும்.

ஸ்ரெல்லா


குருநகர்
02.10.2025

பிள்ளை,

எழுதிவிட்டேன். இந்த முறை சொந்தப் பெயரில்: ‘என் தம்பி லெனாட் 09.03.2019 அன்று கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. முன்பு நான் எழுதியதெல்லாம் பொய். மரியரட்ணம், தமையன்.’

‘அனுப்பு’ என்பதை அழுத்த ஒரு முழுப் பகல் பிடித்தது. என் மனிசி பின்னால் நின்று, “உங்கடை விரலுக்கு என்ன வாதமே?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மூன்றாம் நாள் பச்சை போய்விட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன், உதயகலாவிடம் கொடு. இந்தியாக் கதையையும் மீன் சந்தையில் நின்று நானே திருப்பி எடுத்தேன். “புளுகன்” என்றார்கள். ஓம் என்றேன்.

ஓலை வாசிக்கிற ஞாயிறு கடைசி வாங்கில் இருக்க விடுவாயா?

உன்,
மரியரட்ணம் அத்தான்

பி.கு.: உலகமே பார்க்கிற இடத்தில் அவனைச் சாகடிக்க மனம் வரவில்லை என்றுதானே இத்தனை கூத்தும் ஆடினேன். அவனுடைய பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இன்றுதான் கண்டேன்: ‘இதுவரை பார்வையிட்ட பொதுமக்கள்: 2 பேர்.’