அடித்துவிட்ட எண்பத்துமூன்று

காசெல்,
20 அக்டோபர் 1973

அன்புள்ள தம்பி ஹார்ட்விக்,

இங்கு நலம். கனடாக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது. அப்பாவின் போர்த் தலைக்கவசத்தின் உச்சிக் கூர்கூட வளையவில்லை. உன் மனைவி வைத்த காப்பிப் பொடிக்கு என் நன்றியைச் சொல்.

கவசத்தை வைக்கப்போகும் நகரசபைக் கண்ணாடிப் பெட்டிக்கு நீ எழுதிய அட்டையைப் படித்தேன். “பதினோராம் ரெஜிமெண்ட், கொன்ராட் ஹென்னெமுத், 1914 செப்டம்பரில் வீரமரணம்.” அட மேதாவி! கவசத்தின் பிடரிப் பக்கம் உள்ளே இருக்கும் ரோமன் பதினொன்று ரெஜிமெண்ட் இல்லை, உடை கொடுத்த கிடங்கின் எண். சேகரிக்கத் தொடங்குகிற எல்லோரும் முதலில் விழும் பள்ளம் அது. செய்தவர் முத்திரை ஓஃபன்பாக் ஊருடையது, நீள்வட்டம், வருஷம் 1913. அப்பாவின் ரெஜிமெண்ட் எண்பத்துமூன்று. அந்த எண்ணும் உள்ளே குத்தியிருக்கிறது.

ஆனால் அதன் மேல் ஒரு கோடு இழுத்து அடித்திருக்கிறது. இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவனை வேறு ரெஜிமெண்டுக்கு மாற்றினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைக் குத்துவார்கள். பக்கத்தில் குத்தியிருப்பது எழுபத்தொன்று, 1915.

செத்தவர் கவசத்தைக் கழுவி அடுத்தவனுக்குக் கொடுப்பதும் வழக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. நாற்பது வருஷம் தோல் பை தைத்த கை என்னுடையது; தோல் கிழியாமல் தையலைப் பிரித்து உள்தோலை உயர்த்தினேன். அடியில் மசியில் “கொ. ஹென்னெமுத், எழுபத்தொன்று” என்று இருக்கிறது. அப்பாவின் பழைய கடிதங்களில் பார்த்திருக்கிறாயே, கால் நீண்ட அதே எழுத்து.

பதினைந்தாம் வருஷம் உயிரோடு இருந்தவர் வீட்டுக்கு எழுதாமலா இருந்திருப்பார்? அம்மா அடுப்பில் போட்டது விறகு மட்டும்தானா? பதினாறில் ஆல்வின் அம்மாவுக்குத் துணையாக நம் வீட்டுக்கு வந்தார். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், அவரை நான் குறை சொல்லமாட்டேன். அம்மாவைத் திட்ட வாய் வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

உனக்கு நினைவிருக்காது. பத்தொன்பதாம் வருஷம், எனக்குப் பத்து வயது. இந்தக் கவசத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். முகத்தில் பாதி துணிக்கட்டு. அம்மா வாசலை மறித்து நின்று, “என் வீட்டுக்காரர் பதினாலுலயே செத்துட்டார்” என்றாள். உள்ளே ஆல்வின் மடியில் நீ சூப் குடித்துக்கொண்டிருந்தாய். வந்தவர் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஆமாம்மா. நான் அவரோட கூட்டாளி. இதைக் குடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்” என்றார்.

போகும்போது கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்தினார். தூக்காமல் சாத்தினால் நம் கதவு தரையில் இடிக்கும். அது வெளியாளுக்குத் தெரியாது. ஐம்பத்துநாலு வருஷமாக எனக்கும் இது உறைக்கவில்லையே, தம்பி.

நவம்பரில் போரில் இறந்தவர்களின் நினைவு ஞாயிறன்று நீ இங்கு வந்து எல்லோர் முன்னிலையிலும் அந்த அட்டையை வாசிக்கப் போகிறாய். பெயரையும் எழுபத்தொன்றையும் நான் எழுதிவிட்டேன். இறந்த நாளை எழுத என் கை ஓடவில்லை. எழுதுவதும் விடுவதும் உன் விருப்பம். அம்மா சொன்னதே இருக்கட்டும் என்றால் உள்தோலைப் பழையபடி தைத்துவிடுகிறேன், ஒருவருக்கும் தெரியாது.

கோபம் வந்தாலும் வராமல் இருந்துவிடாதே. வாசலோடு திரும்பியவர் ஒருவர் போதும். கதவை இப்போதும் தூக்கித்தான் சாத்த வேண்டும். நீ வரும் வரை திறந்தே வைத்திருப்பேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
கெர்லிண்டே