சாவி கேட்டு வருகிறவர்கள்

சேசு மரி சூசை துணை
சாந்தோம்,
ஆகஸ்டு 1942

அன்புள்ள மகன் லூயிசுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை கிளாடிஸும் அவள் பச்சைக் குழந்தையும் சுகமாயிருக்கிறோம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேன், அந்த வார்த்தையை ரொம்ப நம்பாதே. நீயும் மருமகளும் சுகந்தானா, மழைக்கு உன் இருமல் எப்படி இருக்கிறது? அப்பாதான் போய்விட்டாரே, இனி வீட்டைப் பூட்டிக்கொண்டு நாகபுரிக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். தந்தி பிந்திக் கிடைத்ததால் அடக்கத்துக்கு நீ வர முடியவில்லை, உன்மேல் குறையில்லை மகனே, நடந்ததைச் சொல்லிவிட்டு அதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஏப்ரலில் பாஸ்குத் திருநாள் முடிந்த கையோடு ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது உனக்குத் தெரியும். வாயும் வயிறுமாக இருந்த கிளாடிஸை அழைத்துக்கொண்டு நான் செங்கல்பட்டில் உன் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா நகர மாட்டேன் என்றுவிட்டார், அவர் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வாத்தியார் இருக்கிறார் என்ற தைரியத்தில் அவரவர் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார்கள். அத்தனையையும் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவைத்து, தினம் ஒவ்வொரு வீடாகத் திறந்து காற்றாட விட்டு, கரையான் பார்த்துப் பூட்டிவருவாராம். எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமியின் துளசி மாடத்துக்குக்கூட அவர்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சிலுவை கும்பிடுகிற வேதக்காரர் துளசிக்குத் தண்ணீர் விடுகிறாரே என்று நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முனியம்மாள் சிரித்தாளாம்.

ஜூனில் காய்ச்சல் கண்டது. எனக்கு எழுதிய கார்டில் வெறும் ஜலதோஷம் என்று பொய் எழுதினார். தெரு முழுக்க உள்ள வீடுகளின் சாவி அவர் கையில், ஆனால் கூப்பிட்டால் கேட்க ஒரு வீட்டிலும் ஆளில்லை. ஆற்றோரக் குடிசைக்காரிக்கு ஓடிப்போக வேறு ஊர் ஏது, அதனால் முனியம்மாள் மட்டும் இருந்தாள். காலையில் வந்தவள் அவர் கிடந்த கிடையைப் பார்த்துப் பதறியிருக்கிறாள். கோயில் கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் சாமியாரை அழைத்து, உயிர் பிரியுமுன் எண்ணெய் தொட்டு அவஸ்தைபூச வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் காமாக்ஷி மாமி வீட்டைத் திறந்து, நாலு துளசி இலை கிள்ளி வந்து தண்ணீரில் போட்டு அவர் வாயில் விட்டிருக்கிறாள், சற்றைக்கெல்லாம் உயிர் பிரிந்துவிட்டது. "எங்க வூட்ல இன்னா செய்வோமோ அத்தத்தாம்மா செஞ்சேன், ஐயா கண்ணைத் தொறந்து பாத்துக்கினே குடிச்சாரு" என்று, சேதி கேட்டுச் செங்கல்பட்டிலிருந்து ஓடிவந்த என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கடைசித் தேவதிரவிய அனுமானம் பெறாமலே போய்விட்டாரே என்று நான் சாமியாரிடம் அழுதேன். சாமியார், அவர் தாகத்துக்குக் குடித்தாரா என்று மட்டும் கேட்டார். குடித்தாராம் என்றேன். போதும் அம்மா என்றார். எனக்குப் போதவில்லை லூயிஸ். பெட்டி தூக்க நம் கோயில் பங்கில் ஆண்கள் இல்லாமல் முனியம்மாளின் புருஷன் கோதண்டபாணியும் அவன் ஆட்களுந்தான் தூக்கினார்கள்.

இப்போது பயம் தெளிந்து ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். வந்ததும் முதலில் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். காமாக்ஷி மாமி சிரித்துக்கொண்டே படியேறி, "மாமாவைக் காணோமே, பூசைக்குப் போயிருக்காரா?" என்று கேட்டாள். சொன்னேன். துளசி சங்கதியையும் மறைக்காமல் சொன்னேன், முனியம்மாள் உள்ளே நுழைந்ததற்குக் கோபிப்பாளோ என்று பயந்தேன். "எங்காத்துத் துளசியா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். மறுநாள் தெருக்கோடி வீட்டு இனாயத் பாய் வந்து "சார் எங்கேம்மா?" என்றார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் முதலில் கிளாடிஸைத்தான் அனுப்புகிறேன்.

இன்னும் சில சாவிகள் ஆணியில் இருக்கின்றன. அவரை நம்பிக் கொடுத்தவர்கள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது, ஆகையால் இப்போது என்னைக் கூப்பிடாதே. அந்தச் சாவிகளும் போன பிறகு வருவேனா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. யாராவது வந்து கேட்டுவிடுவார்களே என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். நேற்று ஆணியைப் பார்த்தபோது, இதுவும் காலியாகிவிட்டால் உன் அப்பா எங்கே என்று கேட்டு இந்த வாசலுக்கு இனி யாரும் வரமாட்டார்களே என்று அழுகை வந்துவிட்டது.

தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். அப்பாவின் ஆத்துமத்துக்காக அங்கே ஒரு பூசை வைக்க மறந்துவிடாதே. மழையில் நனையாதே.

உன் அம்மா,
லூயிசா பவுல்சாமி