ஏழாம் நம்பர் கட்டில்

அன்புள்ள ஏழாம் நம்பருக்கு,

இந்த ஊர் ஏழாம் நம்பர் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ எழுதிய துறைமுகக் கோப்பை வரலாறு தபாலில் வந்தது. நம் கூடைப்பந்துக் கதையாயிற்றே என்று ஆசையாகப் பிரித்தேன். கடைசி அத்தியாயத்தைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

முன்பகுதியைக் குறை சொல்ல மாட்டேன். துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது, அதில் வந்த உங்கள் ஊர் நர்ஸுகளும் எங்கள் சுங்க ஆபீஸ் பெண்களும் பொழுது போகாமல் ஆடிய ஆட்டம், எட்டு நாட்டுக் கிளப்புகள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் மோதும் கோப்பையாக வளர்ந்ததை அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஓட்டலுக்கு வசதியில்லாததால், வருகிறவள் பனியனில் எந்த நம்பரோ அந்த நம்பர்காரி வீட்டில்தான் தங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் விடவில்லை. உன் கால் கட்டிலுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு பலகையை அறுத்துக் கட்டிலை நீட்டினாரே, அதைக்கூட எழுதியிருக்கிறாய்.

இவ்வளவும் ஞாபகம் வைத்திருந்த உனக்குக் கடைசி வரியை எழுதக் கை கூசவில்லையா? 'கடைசி ஆண்டின் முதல் ஆட்டத்தை நடத்த வேண்டிய கிளப், அரங்கத்தைத் தயார் செய்யத் தவறியது. கோப்பை அதோடு நின்றுபோனது.' அடிப் பெரிய மனுஷி, எங்கள் அரங்கத்துக்குக் காப்பாளர் யார்? மழை ஒழுகி உப்பிய பலகைகளை முட்டி போட்டு இழைத்து மாற்றியது யார்? முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் நடந்தார். ஆட்டத்தன்று தரை கண்ணாடி மாதிரி மின்னியது. நாங்கள் வீட்டுக்கு வீடு படுக்கை விரித்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் அணி வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். டி.வி.யில் காட்டுகிற பெரிய லீக் கூப்பிட்டது, ஓடினீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். கிளப் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் நீதான் என்று, உன் மகள் கல்யாணத்தில் என் தோளில் சாய்ந்து அழுதபடி நீயே சொன்னாய். ஓடியதை நான் அன்றும் குறை சொல்லவில்லை. பழியைக் கொண்டுவந்து அந்த மனுஷன் தலையில் கட்டினாயே, அதுதான் பொறுக்கவில்லை.

நீ சொன்னதைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. நீ வரத் துடித்ததாகவும் மேலிடம் தடுத்துவிட்டதாகவும்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். புத்தகத்தைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நேற்று அது அவர் கையில் சிக்கிவிட்டது.

வீடு ரெண்டாகப் போகிறது என்று அடுப்படியிலேயே நின்றேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாவம், யாரோ அவகிட்ட தப்பா சொல்லியிருக்காங்க. நம்ம வீட்டுப் பொண்ணு, தெரிஞ்சிருந்தா இப்படி எழுதுவாளா? வரச் சொல்லு, தரையைக் காட்டுறேன்" என்றார். அரங்கம் இப்போது மெத்தைக் கடைக்காரரின் கிடங்கு. மெத்தைகளை நகர்த்திக் காட்டக் கடைக்காரரிடம் இன்று காலையே இவர் போய் அனுமதி கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து எனக்கு உன்மேல் ஆத்திரம் இன்னும் அதிகமாகிவிட்டது.

அடுத்த பதிப்பில் திருத்துகிறேன், அது இது என்று பதில் எழுதிக்கொண்டிருக்காதே. நேரில் வா. அந்தத் தரையில் அவர் முன்னால் நின்று, நடந்ததை உன் வாயால் சொல். நான் சொல்ல மாட்டேன். உன்னைப் பற்றி அவரிடம் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அந்தக் கோபமும் உன்மேல்தான்.

பக்கத்து அறையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. பழைய பலகையைத் தேடி எடுத்துக் கட்டிலோடு சேர்த்து அடித்துக்கொண்டிருக்கிறார். உன் உயரத்தை அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் ஏழாம் நம்பர்