நைனாவோட வலிக்காத கால்

அக்காவுக்கு,

போன்ல சொன்னா நைனா பக்கத்துலயே உக்காந்துக்கினு கேப்பாரு. அதான் லீவு முடிஞ்சு, நீ வேல செய்யற ஸ்ரீசிட்டிக்கே திரும்பற நம்ம தெரு கிரண்குமார் கையில இத குடுத்தனுப்பறேன்.

போன மாசம் வெறுங்காலோட திருமலை ஏறிட்டு வந்தாரு இல்ல, வலது உள்ளங்கால்ல புண்ணு. சக்கரை இருக்கற ஆளு. கேட்டா, "ஒரு துளி வலி இல்லடா. வலிய சாமி வாங்கிக்கினாரு"ன்றாரு.

லேப் டெக்னீசியன் படிப்ப ஆறே மாசத்துல விட்டவன்தான் நான். ஆனா நாலு திசு பாடம் ஞாபகம் இருக்கு. தோல் மூடும், இணைப்புத் திசு எல்லாத்தையும் சேத்துக் கட்டும், தசை நடக்க வைக்கும், நரம்பு வலிய சொல்லும். இவருக்குத் தோல் போயி, கீழ மஞ்சளா கொழுப்பு தெரியுது. தசை மட்டும் நல்லா நடக்குது.

நேத்து அவரு டீ குடிக்கறப்ப புண்ணு பக்கத்துல ஊசியால குத்திப் பாத்தேன். ரத்தம் வந்துச்சு. கையில டம்ளர்கூட ஆடல.

ஆஸ்பத்திரிக்கு கூப்பிட்டா, "வலிக்காததுக்கு எதுக்குடா டாக்டரு? படிப்ப விட்டவன் பேச்சப் பாரு"ன்னு சிரிக்கறாரு. வலிய வாங்கிக்கினதுக்கு நன்றியா, வர்ற வெள்ளிக்கெழம நம்ம சித்தூர்ல இருந்தே திருமலைக்கு வெறுங்காலோட நடந்து வர்றேன்னு வேண்டிக்கினாரு.

நீ சொன்னாதான் கேப்பாரு. வியாழக்கெழமைக்குள்ள வா. புண்ணுல நாத்தம் வருது. ஊதுவத்திய ஏத்தி வெச்சிட்டு, எலி செத்துக் கெடக்குதான்னு பரண்ல தேடிக்கினு இருக்காரு.

உன் தம்பி