அப்பாவின் ஃபோனுக்குப் போட்ட பூட்டு

என் பெருங்குரல் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு அப்பாவைத் திருப்பூருக்கே கூட்டி வந்துவிட்டேன். சாமளாபுரத்தில் நம் விசைத்தறிகளை உன் தம்பி, மாமாதான் ஓட்டுகிறார். எனக்கு அதே பனியன் கம்பெனி, அதே கம்ப்யூட்டர் வேலை. குடியிருப்பது மூன்றாவது மாடி. ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சத்தம் துளி கேட்காது. அதற்காகவே பிடித்த வீடு.

பிரச்சினை அப்பாவின் ஃபோன். விடிந்தால் வீடியோ, சாப்பிடும்போதும் வீடியோ. காமெடி, அரசியல் சண்டை, ஏதோ ஊர் மாட்டுச் சந்தை. ஃபோனுக்கு அடிமையாகிவிட்டார் என்று முடிவு கட்டி, பூட்டுப் போட்டேன். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வீடியோ தானாக நின்றுவிடும்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நடுவில் நின்றது. அப்பா தட்டை நகர்த்தி வைத்தார்.

"நான் ஊருக்குப் போறன் கண்ணு."

போன மாதம்தான் சர்க்கரை மாத்திரையை மறந்து மயங்கி விழுந்தார். அவரைத் தனியாக அனுப்பவா?

"ஒரு வீடியோவுக்கு இத்தனை வீம்புங்களாப்பா? அப்படி என்னதான் பாக்கறீங்க?"

"நான் எங்கடா பாத்தன்?"

உண்மைதான். ஃபோன் எப்போதும் கவிழ்ந்துதான் கிடக்கும். அது பாட்டுக்கு ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"ஊட்டுக்குள்ள ஏதாவது சத்தம் வேணும்டா. இல்லீன்னா தறி நின்னுபோன மாதிரியே பதறுது. எந்திரிச்சுப் போயிப் பாக்கோணும்னு தோணுது."

தறி நின்றால் நூல் அறுந்திருக்கும், இல்லை கரண்ட் போயிருக்கும். ஆயுசு முழுக்க அவருக்கு அமைதி என்றாலே ஏதோ கெட்டுப்போன சேதி. அதைத்தான் தேடிப் பிடித்து வாடகைக்கு எடுத்திருக்கிறேன். நீ இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாயோ?

மறுநாள் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து வந்து போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஏண்டா, நூலே அறுகாத தறியா இது? நிறுத்து அந்தக் கருமத்த!"

பிறகு பூட்டை எடுத்துவிட்டேன். அவர் ஃபோனின் முதல் திரையில் மாமாவின் படத்தை மட்டும் பெரிதாக வைத்தேன். தொட்டால் அழைப்பு போகும், அவ்வளவுதான். இப்போது காலை டீயோடு மாமாவைக் கூப்பிடுகிறார். பின்னால் தறி ஓட, இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

"மாப்ள, ஓரத்துத் தறி நின்னு போச்சாட்ட இருக்குது?"

"வேவு பாக்கவா கூப்படறீங்க மச்சான்? டீயக் குடிங்க!"

வீடியோவை அவராகவே மறந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்து வீடியோ மட்டும் பாக்கி இருந்தது. என் கையில் கம்பெனி வாட்ஸப். அதைப் பார்த்து, "உன்றதுக்கு ஆரு பூட்டுப் போடறது?" என்றார். ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஊரில் சாப்பாட்டு நேரத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவது நீதான்; எனக்குத்தான் பேச வராதே. கம்பெனிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "ஏனுங்க, சண்டைங்களா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். இன்னொரு கரண்டி சோறு கேட்டார். ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம், தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் என் ஃபோன் அடுத்த அறையை விட்டு வராது. இங்கே உன் இடத்தில் உட்கார்ந்து, தறிக்கு மேலே கேட்கிற மாதிரி பேசுவேன்.

மூன்றாவது மாடியில் கத்திக்கொண்டிருக்கும்
உன் மகன்