மாடி வீட்டுக்காரரும் அணைக் கணக்கும்

ஜூலை 8, செவ்வாய்

மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊர் கம்பத்தில் ஒரு தூறல் இல்லை. அணை மட்டம் நேற்றைவிட இறக்கம். நாற்று நட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது.

எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பெல்ஜியம்காரர் மார்ட்டின் இன்றும் பால்கனியில். ஏலக்காய்க் கம்பெனி வேலை. கேரளாவில் குமுளியில் நாலு வருஷம், இங்கே ரெண்டு மாசம். என்னை "சேட்டா" என்கிறார். நான் என்ன மலையாளியா? வாய்க்காலைப் பார்த்துவிட்டு நான் திரும்பும் நேரம் பார்த்து வெளியே வருகிறார். என் முகத்தைப் பார்க்கிறார். உடனே நோட்டில் ஏதோ எழுதுகிறார். ஒருநாள் தவறவில்லை. நான் நிமிராமல் வந்துவிட்டேன். தண்ணீர் இறங்கிக் கிடக்கும்போது எனக்கு யாரோடும் பேச்சு வராது.

வாங்க: யூரியா, கொசுவத்தி, மனைவி ஆயிஷாவுக்கு பிரஷர் மாத்திரை.

ஜூலை 9, புதன்

வெயில். பழைய பேப்பர்காரருக்குப் போட ஆயிஷா கட்டி வைத்ததில் மாடியிலிருந்து வந்த ஒரு தாள். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. இங்கிலீஷ் புரியவில்லை, எண் புரிந்தது. தேதி, பக்கத்தில் புள்ளி வைத்த எண், அதற்குப் பக்கத்தில் டிக் அல்லது இண்ட்டு. எங்கேயோ பார்த்த எண்கள். அதே கட்டுக்குள் இருந்த பேப்பர்களைப் பிரித்து ஒத்துப் பார்த்தேன். பெரியாறு அணை நீர்மட்டம்! ஒருநாள்கூடப் பிசகவில்லை.

ஏலக்காய்க்காரருக்கு அணையின் அடி எதற்கு? அணைக்குப் பலம் இல்லை என்று கேரளாப் பக்கம் வருஷா வருஷம் கிளப்புகிறார்கள். இவர் இருந்தது குமுளி. அவர்களுக்கு வேவு பார்க்கிறார், சரியாகத்தான் இருக்கிறது.

ஆயிஷா: "உங்களுக்கு வேற சோலி இல்லையா? நல்ல மனுசரு. நேத்துகூட கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னாக."

குழம்பைப் புகழ்ந்தால் போதும் இவளுக்கு.

மதுரையில் மகள் இங்கிலீஷ் டீச்சர். தாளைப் படம் எடுத்து அனுப்பலாமா? வேண்டாம். போனில் அனுப்புகிற விஷயமா இது?

ஜூலை 10, வியாழன்

விவசாயிகள் சங்கச் செயலாளர் கனகராஜிடம் தாளைக் காட்டினேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"ராவுத்தரே, வெள்ளைக்காரன் இங்கன வந்து அணைக் கணக்கு எடுக்குறான்னா சும்மாவா? வாங்க ஸ்டேஷனுக்கு."

மனுவை எழுதியது அவர், கையெழுத்து என்னுடையது. வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை. யூரியா வாங்க மறந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ராத்திரி மலையில் நல்ல மழை, அல்ஹம்துலில்லாஹ். அணை ஏறிவிட்டது. வாய்க்காலிலிருந்து திரும்பும்போது பால்கனியில் அவர். நான் குனிந்துகொண்டேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் வாசலில் போலீஸ் பைக். பாஸ்போர்ட், விசா, நோட்டு எல்லாம் பார்த்தார்கள். திங்கட்கிழமை அவரைத் தேனி எஸ்.பி. ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

"சேட்டா, என்ன பிரச்சினை?" என்று என்னிடம் கேட்டார் மார்ட்டின்.

"ஒண்ணுமில்ல சார், ரூல்ஸ்."

முகத்துக்கு நேரே பொய்.

ஜூலை 13, ஞாயிறு

சாரல். வம்பு வேண்டாம் என்று கம்பெனி அவரைக் கொச்சிக்கு மாற்றிவிட்டது. தேனிக்குக் கம்பெனி ஆளே போவாராம். காலை ஜீப்பில் கிளம்பிவிட்டார். ஆயிஷா இடியாப்பம் கட்டிக் கொடுத்தாள். எனக்கு வைக்கவில்லை.

லீவுக்கு வந்த மகளிடம் சாவியும் ஒரு கவரும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆசியாவில் வேலைக்கு வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற பத்திரிகைக்கு அவர் எழுதி டைப் அடித்ததாம். அங்கங்கே கண்ட சின்னச் சின்ன வேடிக்கைகள். மகள் தமிழில் சொல்லச் சொல்ல எழுதியது:

"அணையில் தண்ணீர் ஏறினால் என் வீட்டு ஓனர் நிமிர்ந்து பார்த்து 'சாப்டாச்சா சார்?' என்பார். இறங்கினால் திரும்பியே பார்க்கமாட்டார். இரண்டு மாதமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். அணை நிலவரம் தெரிய எனக்குப் பேப்பரே வேண்டாம். இந்தப் பக்கம் வந்த இத்தனை வருஷத்தில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்."

கீழே அந்தக் கணக்கு. டிக் எல்லாம் நான் கேட்ட நாள், இண்ட்டு எல்லாம் கேட்காத நாள். கடைசி வரி வெள்ளிக்கிழமை. டிக்கும் இல்லை, இண்ட்டும் இல்லை. பேனாவில் ஏதோ எழுதியிருந்தது. மகள் கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தாள்.

"அணை ஏறியிருக்கிறது. அவர் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லையோ?"

வெட்கமாக இருக்கிறது. நாளை ஸ்டேஷனுக்குப் போய் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். கனகராஜ் திட்டட்டும்.

ஜீப் இந்நேரம் குமுளி தாண்டியிருக்கும். இடியாப்பத்தைச் சாப்பிட்டாரோ என்னவோ.