ஜன்னல் சாத்திய வேட்டை

மச்சான்,

வியாழக்கிழமை ஒருகொடவத்தையில் கன்டெய்னர்களோடு மாரடித்துவிட்டுக் கொட்டாஞ்சேனை அறைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், நம்முடைய வேட்டை விளையாட்டுக்கு அப்டேட் வந்திருக்கிறது. நீ கத்திக் கத்திக் கேட்டதைச் செய்துவிட்டார்கள். லீவரை இழுத்துச் சுடுகிற துவக்குக்கு இனிப் பக்கவாட்டு வாசலால் ஒவ்வொரு ரவையாகத்தான் போடவேண்டும். கூர்முனை ரவையை, சுடுகுழலுக்குக் கீழே ரவை அடுக்குகிற குழாய்க்குள் போகவே விடுவதில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

வெள்ளவத்தையில் உன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்காக எவ்வளவு சண்டை! "டேய், குழாய்க்குள்ள ரவை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிக்குது. கூர்முனை போய் முன்னுக்கு நிக்கிறதின்ர பின்பக்கத்தில குத்தினா உள்ளுக்கையே வெடிச்சிடும். மானுக்கு மயிர் மயிரா வரைஞ்சவங்களுக்கு இது தெரியாதே?" என்பாய். நிஜத் துவக்கை ஆமிச் செக்பொயின்டில் மட்டும், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு பார்த்த ஆள் நீ. எனக்கென்றால் மான் விழுந்தால் போதும்.

நீ துவக்கு என்று வாயெடுத்ததும் உன் அம்மா குசினியிலிருந்து வந்து ஜன்னலைச் சாத்துவா. "மெதுவாக் கதையுங்கோடா. விளையாட்டெண்டு கீழ்வீட்டுச் சனத்துக்குத் தெரியுமே? பொலிசுக்குச் சொல்லிப்போடுவினம்." வெக்கையில் வியர்த்து ஊற்றும். கொஞ்ச நேரத்தில் நீ திரும்பவும் கத்துவாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "விளையாட்டுக் கம்பனிக்கு எழுதினனான், பதில் வரேல்லை" என்று மூச்சு வாங்கினாய். "வரும்" என்றேன்.

நேற்று அம்மாவிடம் இதைச் சொல்லத்தான் போனேன். நீ போனபிறகு உன் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தா. "போட்டுக் காட்டுங்கோ தம்பி" என்றா. குழாய் நிரம்பும்வரை ஒவ்வொரு ரவையாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன கிளிக். பிறகு, பழக்கதோஷம், நானே எழும்பி ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"வேண்டாம், திறந்து கிடக்கட்டும்" என்றா. "அவன் கதைக்கிற மாதிரிச் சத்தமாக் கதையுங்கோ."

காலிக்குப் போகும் வீதியின் பஸ் இரைச்சலுக்கு மேலால், எனக்கு ஒருநாளும் அக்கறையில்லாத அந்தக் கூர்முனை ரவையைப் பற்றி, உன்னைப் போலவே கத்தினேன். திரையில் மான் வந்து நின்றது, போனது. கீழ்வீட்டுக்காரர் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். அம்மா அவரைக் கண்டும் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றா.

இன்று எனக்குத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறா.